துப்பத் தொடங்கிய ஏர்பிரஷ்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் வாய் கிளம்பும், புத்தி பிறகுதான் செருப்பைத் தேடும். அது வந்து சேருவதற்குள் நாலு பேரை வைது முடித்திருப்பேன். இன்றைக்கும் அப்படித்தான் என்று வீட்டில் சொல்கிறார்கள், சொல்லட்டும். ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில், சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் படம் எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு தடவை அந்தப் புத்தி வந்து சேர முழுசாக நாலு நாள் ஆகிவிட்டது.

பட்டாசு லேபிள், தீப்பெட்டி லேபிள், காலண்டர் படம், இவைதான் எங்கள் பிழைப்பு. மேல்மாடியில் வடக்கு ஜன்னலை ஒட்டி ஒரு அறை. அதில் இரண்டு பேர் இருந்தோம். நான் படம் எழுதுபவன். மற்றவன் எழுத்து எழுதுபவன், என்னைவிட ஐந்தாறு வயது இளையவன், என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவான். தகட்டின் மேல் எழுத்துகளை வலது இடதாக மாற்றி மளமளவென்று எழுதுவான். அச்சில் வந்து விழும்போது ஒரு கொம்பு, ஒரு சுழி பிசகி இருக்காது. பேச்சு மட்டும் மகா கஞ்சம். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் ஐந்து 'சரிண்ணே'யாக இருக்கும்.

அந்த அறையின் ராஜா நாங்கள் இரண்டு பேரும் இல்லை, ஏர்பிரஷ். முதலாளி பம்பாய்க்குப் போய் வந்தபோது வாங்கி வந்தது, சீமைச் சரக்கு. பார்க்க ஒரு தடித்த பேனா மாதிரி இருக்கும். பக்கத்தில் வண்ணம் ஊற்ற ஒரு சின்னக் கிண்ணம், மேலே ஒரு பொத்தான். உள்ளே மூக்கிலிருந்து வால்வரைக்கும் ஒரே ஒரு ஊசி. பொத்தானை அமுக்கினால் காற்று வரும். அமுக்கியபடியே பின்னால் இழுத்தால் ஊசி பின்வாங்கி மூக்கின் துளை திறக்கும், வண்ணம் புகையாகப் போய்ப் படியும். மேகம், மாம்பழத்தின் கன்னம், காலண்டர் லட்சுமியின் முகத்தைச் சுற்றியுள்ள ஒளி, எல்லாம் அந்த ஊசியின் தயவு. காற்றுக்கு மிஷின் எல்லாம் கிடையாது. ஒரு லாரி டியூபில் பம்பு அடித்து நிரப்பி வைத்துக்கொள்வோம். டியூபு மெலிய மெலிய எழுந்து போய் மறுபடி அடிப்போம்.

அந்த ஊசியை நான் யாரிடமும் விடமாட்டேன். நுனி தலைமுடியைவிட மெல்லியது. கெட்டுப்போனால் இன்னொன்று சீமையிலிருந்துதான் வரவேண்டும், அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று முதலாளிக்கே தெரியாது. அதனால் சாயங்காலம் ஊசியை மட்டும் கழற்றி, மை வற்றிய பழைய பேனாக் கூட்டுக்குள் பஞ்சு வைத்துச் செருகி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விருதுநகருக்கு வீட்டுக்குப் போய்விடுவேன். ஊசி இல்லாத ஏர்பிரஷ் வெறும் பித்தளைக் குழாய், எவனும் கைவைக்க முடியாது. பார்த்தாயா நம்ம சாமர்த்தியத்தை என்று எனக்கு ரொம்ப நாள் பெருமை.

அந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர்ப் பொருட்காட்சியில் கடை போடுவது என்று முதலாளி முடிவு செய்தார். அவருக்குப் பட்டாசுக் கம்பெனியும் உண்டு. அதன் லேபிளில் இருப்பது ஒரு ஆகாய விமானம். அந்த விமானத்தையே செய்து கடை வாசலில் தொங்கவிட வேண்டும் என்றார்.

"பொம்மையாட்டம் இருக்கக்கூடாது தம்பி. அளவு அளவா இருக்கணும். பாக்குறவன், இது பறக்கும்னு நெனைக்கணும்."

ஒரு பழைய பத்திரிகையில் விமானத்தின் படம் அளவுகளோடு கிடைத்தது. ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று கணக்குப் போட்டோம். இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாலு அடி வந்தது. மூங்கில் சிம்புகளால் எலும்புக்கூடு. அதன் மேல் தீப்பெட்டிக்குச் சீவுகிற மெல்லிய மரத்தகடு. படம் கணக்கு எல்லாம் நான்தான், ஆனால் கைவேலை முக்கால்வாசியும் அவனுடையது. விமானத்தின் ஜன்னல்களை ஒவ்வொன்றாக வெட்டி, ஒவ்வொன்றின் விளிம்பையும் தேய்த்து, நகத்தால் தடவிப் பார்ப்பான். இரண்டு மாதம் ஆயிற்று. கடைசியாக வெள்ளி வண்ணம் மட்டும் பாக்கி. தூரிகையால் வெள்ளி அடித்தால் மயிர்க்கோடு மயிர்க்கோடாகத் தெரிந்து தகர டப்பா மாதிரி ஆகிவிடும். ஏர்பிரஷ்தான் வேண்டும். பட்டாசுக் கம்பெனியிலிருந்து அலுமினியத் தூள் வாங்கி, வார்னிஷில் குழைத்து, டர்பன்டைன் விட்டு இளக்கி, சனிக்கிழமை உடம்பும் இடது இறக்கையும் அடித்து முடித்தேன். அப்படியே உருக்கி வார்த்த மாதிரி மின்னியது. வலது இறக்கை திங்கட்கிழமைக்கு என்று வைத்துவிட்டு ஊசியோடு வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மல்லாங்கிணற்றில் இருக்கும் எங்கள் காட்டுக்குப் பருத்தி எடுப்பைப் பார்க்கப் போனேன். எடுப்பைப் பார்த்தேனோ இல்லையோ, குதிகாலில் ஒரு உடைமுள் ஏறி உள்ளேயே ஒடிந்துவிட்டது. விருதுநகர் பஸ்ஸில் இருந்து இறங்கி ஒற்றைக் காலில் துள்ளிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன். வெளிச்சம் போகுமுன் எடுத்துவிடலாம் என்று என்னை வாசல் நடையில் குப்புறப் படுக்கவைத்தாள் என் மனைவி. அவள் குதிகாலைக் கிண்டிய கிண்டுக்கு, நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு போட்ட கூப்பாட்டில் எதிர்வீட்டுக்காரர் எழுந்து வந்துவிட்டார். ஒருவழியாக முள் வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வைத்துத் துணி சுற்றிவிட்டாள். திங்கட்கிழமை அந்தக் கட்டோடு, செருப்பைப் பாதி மாட்டி இழுத்துக்கொண்டு, உலகத்தின் மேலேயே கோபமாகத்தான் அச்சகத்துக்குள் நுழைந்தேன்.

ஊசியை ஏர்பிரஷ்ஷில் மாட்டி வெள்ளியை ஊற்றுமுன் முதலாளி கீழே கூப்பிட்டார். போய்விட்டு, படி ஏறமுடியாமல் ஏறி வந்தால், என் மேஜையில் அவன் நிற்கிறான். ஒரு கையில் ஏர்பிரஷ்ஷும் உருவிய ஊசியும், மறு கையில் நாங்கள் தகட்டைப் பார்க்க வைத்திருக்கும் லென்ஸ். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏலே, என்னத்தலே நோண்டிக்கிட்டு இருக்க?"

"அண்ணே, இந்த ஊசி..."

"ஊசியக் களட்டிட்டியா? எவன்லே உனக்குச் சொன்னது?"

"சும்மா ஒரு தாள்ல அடிச்சுப் பாத்தேண்ணே. அது வந்து..."

"வாய மூடு. வச்சிட்டுப் போ அங்கன."

அவன் என் முகத்தைப் பார்த்தான். குனிந்து தரையைப் பார்த்தான். மறுபடி என் முகத்தைப் பார்த்தான். குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன். ஊசியை எடுத்துக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தேன். என் கண்ணுக்கு நேராகத்தான் இருந்தது. மாட்டினேன், வெள்ளியை ஊற்றினேன், வலது இறக்கையின் மேல் பிடித்துப் பொத்தானை இழுத்தேன்.

புகையாக வரவேண்டியது 'த்தூ' என்று துப்பியது. மரத்தகட்டின் மேல் ஏழெட்டுக் கொழுத்த துளிகள், எச்சில் துப்பிய மாதிரி. துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து இறக்கையின் ஓரமாக வழிந்து, சனிக்கிழமை அடித்த உடம்பின் மேலும் ஒரு கோடு இழுத்துக்கொண்டு ஓடின. இரண்டு மாத வேலை. பொருட்காட்சிக்கு எட்டு நாள்தான் இருக்கிறது. பிறகு நான் கத்திய கத்தலில் கீழே மிஷின் நின்று, முதலாளி மேலே ஏறி வந்தார், பின்னாலேயே மற்ற எல்லாரும்.

முதலாளியை நாங்கள் எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அதிர்ந்து பேசாத மனிதர். இறக்கையைப் பார்த்தார், ஏர்பிரஷ்ஷைப் பார்த்தார்.

"யாருய்யா இதத் தொட்டது?"

நான் கையை நீட்டிக் காட்டினேன். ஆமாம், விரலை நீட்டித்தான் காட்டினேன்.

"நீ தொட்டியாய்யா?"

"தொட்டேன் அண்ணாச்சி."

"என்ன செஞ்ச?"

அவன் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். நானும் விடாமல் முறைத்தேன்.

"தொட்டது நெசம் அண்ணாச்சி," என்றான். அவ்வளவுதான்.

"கேக்காமத் தொட்டுக் கெடுக்கிறவன் எனக்கு ஆகாது. நாளையிலருந்து நீ வரவேண்டாம்."

எழுத்துத் தூரிகைகளைத் துடைத்து, துணியில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். என்னிடம் வந்து "சரிண்ணே, வாரேன்" என்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேண்டாம் என்று சொன்ன ஆளை இன்னொரு அச்சகத்தில் சேர்க்கமாட்டார்கள்; பொழுது சாய்வதற்குள் எல்லா முதலாளிக்கும் சேதி போய்விடும். அவனுக்குச் சொந்த ஊர் அச்சங்குளம். அங்கே பட்டாசுக் கம்பெனி வேலை எப்போதும் உண்டு. ஆனால் அவனுடைய கூடப்பிறந்த அண்ணனுக்கு வெடிமருந்து வேலையில் வலது கையில் மூன்று விரல் போயிருந்தது. நான் மருந்து தொடமாட்டேன், கை இருந்தால்தானே எழுத்து என்று அவன் ஒரு தடவை சொல்லியிருக்கிறான். அவன் பேசிய நீளமான பேச்சு அதுதான். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் காட்டினேன், கெடுத்தவன் படட்டும் என்று.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் ஏர்பிரஷ்ஷோடு மல்லுக்கட்டினேன். முதலில் காற்றின் மேல் சந்தேகம். லாரி டியூபில் தண்ணீர் இறங்கியிருந்தால் துப்பும். காற்றை வெற்றுக் கண்ணாடியில் ஊதிப் பார்த்தேன், ஈரம் இல்லை. அடுத்தது வண்ணம். பட்டாசுக்குப் போடுகிற தூள்தானே, திப்பி இருக்கும் என்று மல் துணியை இரண்டு மடிப்பாகப் போட்டு வடிகட்டினேன். துப்பியது. வெள்ளியே வேண்டாம் என்று வெறும் டர்பன்டைனில் நீல வண்ணத்தைக் கரைத்து ஊற்றினேன். நீலமாகத் துப்பியது. மூக்கு சரியாகப் பொருந்தாவிட்டால் காற்று பின்னால் ஏறிக் கிண்ணத்தில் குமிழி விடும். கிண்ணத்தையே அரைமணி உற்றுப் பார்த்தேன், ஒரு குமிழியும் இல்லை. இருந்தாலும் மனசு கேட்காமல் திருகு மரையில் தேன்மெழுகு தடவி இறுக்கினேன். மருந்து முக்காத தீக்குச்சியைக் கூராகச் சீவி, டர்பன்டைனில் நனைத்து மூக்கின் துளையை எத்தனையோ தரம் துடைத்தேன். ஊசி என் கண்ணுக்கு நேராகத் தெரிந்ததால் அதை லென்ஸில் பார்க்க மட்டும் தோன்றவில்லை. எல்லாம் செய்து முடித்துப் பொத்தானை இழுத்தால் அதே 'த்தூ'. என் மூஞ்சியிலேயே துப்புகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவனை ஒரு வசவு வைதேன். எதிர்ச் சாய்வுமேஜை காலியாக இருந்ததால் சுவரைப் பார்த்துத்தான் வைதேன்.

வியாழக்கிழமை அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பி, விருதுநகர் தெப்பக்குளத்துப் பக்கம் கடிகாரம் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் ஏர்பிரஷ்ஷையும் ஊசியையும் கொண்டுபோனேன். வயசானவர். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டால் அதன் பிறகு எதிரே யார் நிற்கிறார்கள் என்பதே மறந்துவிடும். ஊசியை வாங்கி, கண்ணாடிச் சில்லின் மேல் படுக்கவைத்து, ஒரு விரலால் மெதுவாக உருட்டினார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஊசி ஒரு தரம் துள்ளியது.

"தம்பி, ஊசி நுனி மடங்கியிருக்கு. சும்மாக் கண்ணுக்குத் தெரியாது. தூண்டி முள்ளாட்டம் கொக்கி விளுந்திருக்கு. வண்ணம் அதுல தங்கித் தங்கிச் சொட்டாப் போகுது. அதான் துப்புது."

"பாத்தீகளா, நான் நெனச்சது சரிதான்! அந்தப் பய நோண்டித்தான்..."

"இருங்க, இருங்க. அம்புட்டு அவசரம் என்ன?" டர்பன்டைன் நனைத்த துணியால் ஊசியைத் துடைத்தார். வெள்ளியெல்லாம் போய் நுனிக்குச் சற்று மேலே பழுப்பாக ஒரு வளையம் நின்றது. மறுபடி துடைத்தார், அது போகவில்லை. லென்ஸை இன்னும் கிட்டே கொண்டுபோனார். பிறகு துணியின் வேறு முனையைத் தண்ணீரில் நனைத்து ஒரே இழுப்பு இழுத்தார். துணியில் செம்பழுப்பாக ஒரு கீற்று வந்தது. அதை என் கண்ணுக்கு நேரே காட்டினார்.

"டர்பன்டைனுக்குப் போகல, தண்ணிக்குப் போகுது பாருங்க. இது வண்ணமில்ல தம்பி, ரத்தம். இந்த ஊசிய வச்சு யாருக்கோ முள்ளு எடுத்திருக்காக."

சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கணத்தில் என் குதிகால் சுரீர் என்று வலித்தது. வேட்டியை இழுத்துக் காலை மறைத்தேன். அவர் லென்ஸைக் கழற்றவில்லை, என் காலைப் பார்க்கவும் இல்லை. பார்த்திருந்தால் அங்கேயே மண்ணுக்குள் போயிருப்பேன்.

அவர் பாட்டுக்கு வேலையைச் செய்தார். மடங்கின நுனியை வழவழப்பான ஒரு எஃகுக் கம்பியால் கண்ணாடியோடு சேர்த்து அழுத்தி நிமிர்த்தினார். மெல்லிய எண்ணெய்க்கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஊசியைச் சுழற்றிக்கொண்டே தன் பக்கமாக இழுத்தார். நுனியை முன்னால் தள்ளவே இல்லை. மூக்கின் துளைக்குள் தண்ணீர் விட்டு ஊதினார். மறுபடி கண்ணாடியில் உருட்டினார். ஊசி துள்ளாமல் ஓடியது. எனக்கோ அவர் கை ஓடுவது மட்டும்தான் தெரிந்தது, காதில் ஒன்றும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்.

"ஏ பிள்ளே, அன்னைக்கு என் கால்ல எதை வச்சு முள்ளு எடுத்த?"

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "உங்க சட்டைப்பையில இருந்த ஊசிய வச்சுத்தான். ஏன்?"

"அடிப்பாவி! அது ஆபீசு ஊசியில்ல? யாரைக் கேட்டு எடுத்த?"

"நல்லாருக்கே நீங்க பேசுறது! ஊக்கு வளைஞ்சு போச்சு, வேற ஊசி இல்லன்னேன். 'சட்டைப்பையில பேனாக் கூட்டுக்குள்ள ஒண்ணு இருக்கு, அதை எடு'ன்னு சொன்னதே நீங்கதான். 'ஆபீசு ஊசியாச்சே'ன்னு கேட்டேன். 'ஆபீசு நாசமாப் போவட்டும், மொதல்ல முள்ள எடு'ன்னு கத்துனீக. எதுத்த வீட்டுக்காரரு சாட்சி, வேணும்னா போயிக் கேளுங்க."

கேட்க வேண்டியிருக்கவில்லை. அவள் சொல்லச் சொல்ல, தலையணைக்குள் நான் போட்ட கூப்பாடு எனக்கே கேட்டது. சொன்னேன். நான்தான் சொன்னேன். யாரும் தொடக்கூடாது என்று ஊருக்கெல்லாம் தடை போட்டு, பஞ்சில் பொதிந்து வீட்டுக்குச் சுமந்துவந்து, என் குதிகாலிலேயே குத்தவைத்து மடக்கியவன் நான்தான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவள் பயந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"என்னங்க, ஊசி கெட்டுப்போச்சா?"

"ஊசி சரியாயிருச்சு," என்றேன்.

வெள்ளிக்கிழமை முதல் வேலையாக ஊசியை மாட்டி ஒரு செய்தித்தாளில் பிடித்தேன். தலைமுடி அளவுக்குக் கோடு, அப்படியே விரிந்து புகை, பிறகு மறுபடி கோடு. ஒரு துளி துப்பவில்லை. வேறொரு நாளாக இருந்தால் குதித்திருப்பேன். ஏர்பிரஷ்ஷை வைத்துவிட்டுக் கீழே போய், கணக்கப்பிள்ளை, மிஷின்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே அண்ணாச்சியிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். தனியாகச் சொல்லலாமா என்று படியிறங்கும்போது ஒரு கணம் தோன்றியது உண்மைதான். அவனை எல்லார் முன்னாலும்தானே காட்டினேன்.

மிஷின்காரர் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

"நீ சொன்னதக் கேட்டு ஒரு மனுசன வெளிய அனுப்பிட்டேனேய்யா," என்றார். "நீயே போ. போயி, அண்ணாச்சி வரச்சொன்னாருன்னு சொல்லிக் கூட்டிட்டு வா. ஏர்பிரஷ்ஷ வச்சிட்டுப் போ, ஊசிய வேணும்னா கொண்டு போ. சரியாயிருச்சுன்னு நம்பலன்னா காட்டு."

பஸ் பிடித்துச் சாத்தூர் போய், அங்கிருந்து ஒரு மாட்டுவண்டியில் தொற்றிக்கொண்டு அச்சங்குளம் போய்ச் சேரும்போது உச்சி வெயில். வீட்டில் அவன் அண்ணன்தான் இருந்தார். விரல் இல்லாத கையாலேயே திசையைக் காட்டினார். "மருந்துக்குப் போறான். புதன்கிளமையிலருந்து." குரலில் கோபம்கூட இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கம்பெனி வாசலில் காவல்காரர் நிறுத்தினார். அங்கே உள்ள வழக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான்: செருப்பு வாசலில், தீப்பெட்டி பீடி வாசலில், இரும்பு என்று எது இருந்தாலும் வாசலில். உரசினால் பொறி வரும் என்று உள்ளே பித்தளையும் மரமும்தான் புழங்கும். என் சட்டைப்பையைத் தடவிப் பேனாக் கூட்டைத் திறந்து பார்த்தார்.

"இது என்ன, இரும்பா?"

"எஃகுங்க. ஊசி. அவன்கிட்டக் காட்டத்தான்..."

"இங்கன வச்சிட்டுப் போங்க. திரும்பி வரயில வாங்கிக்கிடுங்க."

என்னிடம் இருந்த ஒரே அத்தாட்சியும் வாசலில் நின்றுவிட்டது. கட்டுப் போட்ட குதிகாலோடு, கொதிக்கிற கரிசல் மண்ணில் வெறுங்காலில், அறைகளுக்குத் தள்ளி நின்ற வேப்பமரம் வரைக்கும் நடந்தேன். அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு அவனைக் கூப்பிடப் போனார்கள்.

அறையை விட்டு அவன் வெளியே வந்தான். தலைமுடி, புருவம், கண்ணிமை, கை, நகம், எல்லாம் வெள்ளி. கம்பி மத்தாப்புக்குச் சேர்க்கிற அலுமினியத் தூள். நான் சனிக்கிழமை விமானத்துக்கு அடித்தேனே, அதே வெள்ளி. அவன் முகத்தில் கண் இரண்டும்தான் மனுசக் கண்ணாகத் தெரிந்தன. தொட்டியில் கைகால் கழுவிவிட்டு வந்தான். கழுவியும் போகவில்லை.

"வாங்கண்ணே," என்றான். "கால் எப்படி இருக்கு?"

வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு அந்தக் கேள்வியில் கொட்டிப்போய்விட்டது.

"ஊசி நுனிய மடக்குனது நான்தான்ப்பா," என்றேன். "என் கால்ல முள்ளு எடுக்கயில மடங்கிருச்சு. அண்ணாச்சிகிட்ட எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். அவரு உன்ன வரச்சொன்னாரு. இப்பவே கிளம்பு, போவோம்."

"தெரியும்ண்ணே."

"என்னது தெரியும்?"

"அன்னைக்கே லென்ஸ்ல பாத்தேன். தாள்ல அடிச்சேன், துப்புச்சு. ஏன்னு உருவிப் பாத்தா நுனி மடங்கியிருந்துச்சு, ரத்தமும் இருந்துச்சு. நீங்க கட்டுப் போட்டு நொண்டிக்கிட்டு வந்தீக."

அன்றைக்கு அவன் குனிந்து பார்த்தது தரையை இல்லை.

"ஏம்ப்பா சொல்லல? நான் கத்துனா நீ விட்டுருவியா? அண்ணாச்சிதான் கேட்டாருல்ல, 'என்ன செஞ்ச'ன்னு? அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவன் வெள்ளிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னான்.

"நீங்களே சொல்லுவீகன்னு நெனச்சேன்."

வெயில் உச்சந்தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை, அண்ணாச்சி கேட்டபோது அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்ற அந்த நீளமான பார்வை, எனக்காகக் காத்திருந்த பார்வை. நான் முறைத்தேனே. எல்லாம் தெரிந்தும், என் தலை தப்ப, வேண்டுமென்றே அவனைக் காட்டிக்கொடுத்தேன் என்றுதான் இந்த நாலு நாளும் அவன் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான். அப்படி நினைத்துக்கொண்டேதான் கால் எப்படி இருக்கிறது என்று கேட்டான்.

"ஏய், சத்தியமா எனக்குத் தெரியாதுப்பா! நேத்துதான் தெரியும். வலியில கத்துனதுல, அந்த ஊசிய எடுன்னு நானே சொன்னது மறந்துபோச்சு, குப்புறப் படுத்திருந்தேன், அவ எதை வச்சு எடுத்தான்னும் பாக்கல. கடிகாரக்காரரு சொல்லித்தான்... எம்பிள்ள மேல ஆணையாச் சொல்றேன், தெரிஞ்சிருந்தா காட்டுவனா உன்ன?"

"சரிண்ணே," என்றான்.

அந்தச் 'சரிண்ணே'யை நான் இத்தனை வருஷமாக உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டேன். நம்பினான் என்றா, போகட்டும் என்றா, எனக்கு இன்றுவரைக்கும் தெரியவில்லை. எடுத்த மருந்தைப் பாதியில் வைத்துவிட்டு வரக்கூடாது, முடித்துக் கணக்கு ஒப்படைத்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்றான். அவன் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் மறைகிறவரைக்கும் வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் அந்த அறையில் இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் என் கணக்கில்தான் என்று தோன்றியது. வாசலில் பேனாக் கூட்டை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு முன்பே வந்துவிட்டான். காது மடலில் மட்டும் கொஞ்சம் வெள்ளி மிச்சம் இருந்தது. அண்ணாச்சி மேலே வந்து, "வந்துட்டியாய்யா, நல்லது" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். துளி வழிந்த இடத்தை எல்லாம் அவனே உப்புத்தாளால் தேய்த்து, துளி இருந்த சுவடே தெரியாமல் செய்தான். வண்ணம் அடிக்க உட்காருமுன் நான் பேனாக் கூட்டை எடுத்து அவனிடம் நீட்டினேன்.

"இனிமே இந்த ஊசி உன்கிட்ட இருக்கட்டும். நான் வீட்டுக்குக் கொண்டு போகல. காலையில நீ குடு, சாயங்காலம் நான் உன்கிட்டத் தாரேன்."

வேண்டாம் என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். லென்ஸை எடுத்து, நுனியை வெளிச்சத்தில் பிடித்து, மெதுவாக ஒரு முழுச் சுற்று திருப்பிப் பார்த்தான். பிறகு ஏர்பிரஷ்ஷில் மாட்டி என்னிடம் கொடுத்தான்.

"அடிங்கண்ணே."

விமானம் பொருட்காட்சிக் கடை வாசலில் தொங்கியது. பறக்கும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அதன் பிறகு அந்த அறையில் நாங்கள் பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். என் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் அவன் வராமல் இருந்ததில்லை, என் பிள்ளைகளுக்கு அவன் சித்தப்பா. தினமும் காலையில் ஊசியைக் கொடுக்குமுன் லென்ஸில் பார்ப்பான். சாயங்காலம் நான் திருப்பிக் கொடுத்ததும், என் கண் முன்னாலேயே, மறுபடி ஒரு தடவை பார்ப்பான்.